முதல் ரவுண்டை அடக்கி ஓடு

குறுவட்ட அளவிலான விளையாட்டுப் போட்டி நடக்கிற எந்தப் பள்ளி மைதானத்துக்குப் போனாலும் 600 மீட்டர் ஓட்டத்தை நின்று பார்க்க வேண்டும். இந்தியப் பள்ளிப் போட்டிகளில் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான மிக நீண்ட ஓட்டம் அதுதான். செம்மண் தரையில் சுண்ணாம்புப் பொடியால் போட்ட 200 மீட்டர் வட்டம், மூன்று ரவுண்டு. விசில் ஊதியதும் பத்துப் பன்னிரண்டு பையன்கள் நூறு மீட்டர் ஓடுகிறவர்கள் போலப் பாய்வார்கள். முதல் வளைவில் முழங்கைகள் இடிபடும், சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்துபோகும். முன்னால் பறந்தவன் இரண்டாவது ரவுண்டின் நடுவில் விலாவைப் பிடித்துக்கொள்வான். தோள் காதுவரை ஏறும், தலை பின்னால் சாயும், கால் மட்டும் பழக்கத்தில் நகரும். அதுவரை யார் கண்ணிலும் படாமல் பின்னால் வந்துகொண்டிருந்த ஒரு மெலிந்த பையன், வேகத்தைக் கூட்டாமலே ஒவ்வொருவராகத் தாண்டிப் போவான். ஓரத்தில் நிற்கும் பி.டி. சார் தொண்டை கிழியக் கத்துவார்: "மொத ரவுண்ட அடக்கி ஓடுறா!"

நெடுந்தூர ஓட்டத்தின் அடிப்படைப் பாடம் அது. ஓடுகிற பிள்ளைக்கு அதைச் சொல்ல ஆள் இருக்கிறது. பயிற்சி கொடுக்கிறவருக்கு அதே பாடத்தை யார் சொல்வது என்பதுதான் இந்தத் துறையின் நூறாண்டுக் கேள்வி. 12 வயதில் ஒரு பிள்ளை அபாரமாக ஓடுகிறது. எவ்வளவு ஓடவிடலாம், எப்போது கடுமையாக்கலாம், எந்தப் பந்தயத்துக்கு அனுப்பலாம், எதற்கு அனுப்பக்கூடாது? ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது. சில பதில்கள் தங்கப் பதக்கத்தில் முடிந்தன. சில, பிள்ளையை மைதானத்தை விட்டே துரத்தின.

மிக மோசமான பதில் நம் நாட்டிலிருந்தே வந்தது. 2006 மே மாதம், ஒடிசாவின் பூரியிலிருந்து புவனேஸ்வர் வரை, சுமார் 65 கிலோமீட்டர் தூரத்தை 7 மணி 2 நிமிடத்தில் ஓடினான் புதியா சிங். வயது 4. மே மாத வெயில், தார்ச்சாலை, பின்னால் வாகனங்கள், சாலையின் இருபுறமும் கூட்டம். புவனேஸ்வர் குடிசைப்பகுதியில் பிறந்தவன், அப்பா இறந்துவிட்டார், வறுமையில் அம்மா அவனை 800 ரூபாய்க்கு ஒருவரிடம் கொடுத்துவிட்டதாகவும், அங்கிருந்து ஜூடோ பயிற்சியாளர் பிரஞ்சி தாஸ் அவனை மீட்டு வளர்த்ததாகவும் அப்போது செய்திகள் வந்தன. கெட்ட வார்த்தை பேசியதற்குத் தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்ன தாஸ், சில மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோதும் அவன் ஓடிக்கொண்டே இருந்தான் என்பது அவர் சொன்ன கதை.

அந்தப் பையனுக்குச் சோறும் படுக்கையும் கொடுத்தவர் தாஸ்தான் என்பதை மறுக்க முடியாது. அதை வைத்து மற்றதை மன்னிக்கவும் முடியாது. பூரி ஓட்டத்துக்குப் பிறகு அரசு மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். ஊட்டச்சத்துக் குறைவு, இரத்தசோகை, இதயத்துக்கு மிகுந்த அழுத்தம் என்று அறிக்கை வந்தது. அரசு அவனது நெடுந்தூர ஓட்டத்துக்குத் தடை போட்டது. 2008 ஏப்ரலில் தாஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கும் பையனுக்கும் தொடர்பில்லை. புதியா கலிங்கா ஸ்டேடியத்தின் விளையாட்டு விடுதியில் வளர்ந்தான். 2016-இல் அவன் கதை மனோஜ் பாஜ்பாய் நடித்த இந்திப் படமாகவும் வந்தது. ஆனால் உலகமே எதிர்பார்த்த மாரத்தான் வீரன் வரவே இல்லை. 20 வயதில் ஓட வேண்டிய கால்களை 4 வயதில் கூட்டத்துக்குக் காட்டியாகிவிட்டது.

ஏன் கூடாது என்பதற்கு உடற்கூறு தெளிவாகவே பதில் சொல்கிறது. பிள்ளையின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டுகள் இன்னும் குருத்தெலும்பாக இருக்கின்றன. தசை இழுக்கும்போது, அது எலும்பில் போய்ப் பற்றும் இடம்தான் முதலில் நோகும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே புடைத்துக்கொண்டு வலித்தால் அதற்கு ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று பெயர். குதிகாலில் வந்தால் சீவர். இரண்டும் ஓய்வெடுத்தால் ஆறிவிடும். "வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடு" என்று சொன்னால் மாதக் கணக்கில் இழுக்கும். அதோடு, அதே வேகத்தில் ஓடப் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் உடல் எடைக்கேற்ப அதிகச் சக்தி செலவழிக்கிறார்கள். வியர்வையும் குறைவாகவே வருகிறது. காலை ஒன்பது மணிக்கே தரை கொதிக்கிற ஊர்களில் இது சின்ன விஷயமில்லை.

இன்னொரு சிக்கல் வயதைப் பற்றியது. பெண் பிள்ளைகள் சராசரியாக 12 வயதையொட்டியும் ஆண் பிள்ளைகள் 14 வயதையொட்டியும் சடசடவென உயர்கிறார்கள். ஆனால் சராசரி என்பது காகிதத்தில் இருப்பது. ஒரே வகுப்பில் மீசை அரும்பியவனும் இருப்பான், பால் முகம் மாறாதவனும் இருப்பான். 14 வயதுக்குட்பட்டோர் போட்டியில் முதலாவதாக வருகிறவன் பெரும்பாலும் முன்கூட்டியே வளர்ந்தவன். அவனைப் பிறவித் திறமைசாலி என்று தூக்கிவைத்து, பின்தங்கி வந்த பால் முகத்துப் பையனை "நீ கபடி ஆடு" என்று அனுப்பிவிடுவது வருஷா வருஷம் நடக்கிறது. மூன்று வருடத்தில் மற்றவர்களும் வளர்ந்துவிடுவார்கள். அப்போது முதல்வன் பத்தாவதாகிவிடுவான். ஏனென்று அவனுக்கும் புரியாது, அப்பாவுக்கும் புரியாது. இதில் வயதைக் குறைத்துக் காட்டும் பொய்ச் சான்றிதழ்களும் சேர்ந்துகொள்கின்றன. மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து வயதைக் கணிக்கும் நிலைக்கு இந்திய விளையாட்டு போனது அதனால்தான். 1999-இல் போலந்தின் பிட்கோஷ்ச் நகரில் தொடங்கிய 18 வயதுக்குட்பட்டோர் உலகத் தடகள சாம்பியன்ஷிப், 2017-இல் நைரோபியோடு நிறுத்தப்பட்டது. அந்த வயதில் உலகப் பட்டம் தேவையா என்ற சந்தேகம் நிர்வாகிகளுக்கே வந்திருந்தது.

நெடுந்தூரப் பயிற்சியின் நவீன வரலாற்றை நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து தொடங்குவது வழக்கம். ஆர்தர் லிடியார்ட் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். விளையாட்டுக் கல்லூரி எதிலும் படித்தவரில்லை. தன் உடம்பையே சோதனைச்சாலையாக வைத்து, வாரத்துக்கு எத்தனை மைல் ஓடினால் என்ன ஆகிறது என்று வருடக் கணக்கில் ஓடிப் பார்த்தார். வாரம் 100 மைல், அதாவது சுமார் 160 கிலோமீட்டர் என்ற கணக்குக்கு வந்து சேர்ந்தார். அவரிடம் ஓட வந்தவர்கள் உலகம் முழுக்கத் தேடிப் பிடித்த திறமைசாலிகள் அல்லர். பெரும்பாலும் அக்கம்பக்கத்து இளைஞர்கள். 1960 செப்டம்பர் 2 அன்று ரோம் ஒலிம்பிக்கில், ஒரு மணி நேரத்துக்குள், அவர்களில் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் தங்கம் வென்றார்கள். ரக்பி ஆட்டத்தில் அடிபட்டு இடது கை செயலிழந்துபோனவர் ஹால்பெர்க். அதே ஒலிம்பிக்கில் பேரி மாகி மாரத்தானில் வெண்கலம் பெற்றார்.

100 மைல் என்ற எண் மட்டும் உலகமெங்கும் பரவிவிட்டது. அதோடு அவர் சொன்ன மற்ற பாதியைப் பலர் காதில் வாங்கவில்லை. அந்த மைல்களில் பெரும்பகுதி, பக்கத்தில் ஓடுகிறவனோடு பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் இருக்க வேண்டும். பேச்சு அறுந்தால் வேகம் அதிகம். முதலில் மாதக் கணக்கில் இந்த அடித்தளம், பிறகு மேட்டு ஓட்டம், பந்தயத்துக்குச் சில வாரம் முன்புதான் மூச்சு முட்டுகிற வேகப் பயிற்சி. வளரும் பிள்ளைகளுக்குக் கடுமையான வேகப் பயிற்சியைக் கொடுப்பதை லிடியார்ட் திரும்பத் திரும்ப எதிர்த்தார். நம் மைதானங்களில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது பிள்ளைகளைக் கூட்டி, தினமும் 400 மீட்டரை முழுவேகத்தில் பத்துத் தடவை ஓடவைப்பது. உடனடியாக நேரம் குறையும் என்பது உண்மை. அந்த ஆண்டுச் சான்றிதழும் கிடைக்கும். அஸ்திவாரம் தோண்டாமல் சுவர் எழுப்பிய வீடு எத்தனை மழை தாங்கும் என்பது கிராமத்தில் யாருக்கும் தெரியும்.

லிடியார்ட் வளர்த்தவர்கள் இளைஞர்கள். பள்ளிப் பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்பதற்கு எடுத்துக்காட்டு தேடினால் கென்யாவின் இட்டெனுக்குப் போக வேண்டும். பிளவுப் பள்ளத்தாக்கின் விளிம்பில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 2400 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிற்றூர் அது. அங்குள்ள செயின்ட் பேட்ரிக்ஸ் உயர்நிலைப் பள்ளிக்கு 1976-இல் புவியியல் ஆசிரியராக வந்தார் அயர்லாந்துத் துறவி கோம் ஓ'கானல். தடகளத்தில் எந்தப் பயிற்சியும் பெற்றவரில்லை. அங்கே ஏற்கெனவே ஓட்டப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர் பிரிட்டிஷ் வீரர் பிரண்டன் ஃபாஸ்டரின் சகோதரர் பீட்டர். அவர் ஊர் திரும்பியபோது பொறுப்பு துறவியின் தலையில் விழுந்தது. சில ஆண்டுகள் இருந்துவிட்டுப் போக வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார்.

தெரியாது என்பதை ஒப்புக்கொண்டதுதான் அவருடைய பெரிய பலமாக இருந்தது என்று தோன்றுகிறது. கையில் புத்தகத் திட்டம் இல்லாததால் பிள்ளைகளைப் பார்த்தே கற்றுக்கொண்டார். எவன் எப்படிக் கால் ஊன்றுகிறான், களைத்தபோது எவனுடைய தோள் இறுகுகிறது, தோற்ற மறுநாள் எவன் பேசாமல் இருக்கிறான் என்று பார்த்தார். அவரது பயிற்சியில் கிலோமீட்டர் கணக்கைவிட நடையழகுக்குத்தான் முதலிடம்: முழங்காலைத் தூக்குவது, கணுக்காலைத் தளர்வாக வைப்பது, கையை வீணாக வீசாமலிருப்பது. மண் பாதையில் கூட்டமாக, மெதுவாக, ஒருவர் காலடிச் சத்தத்தை மற்றவர் கேட்டு ஓடுவது. 1989-இல் பள்ளி விடுமுறைகளில் இளையோருக்கான முகாம் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டு சியோலில் அவருடைய மாணவர் பீட்டர் ரோனோ 1500 மீட்டர் ஒலிம்பிக் தங்கம் வென்றிருந்தார். 1992-இல் மேத்யூ பிரிர் ஸ்டீப்பிள்சேஸில் வென்றார். வில்சன் கிப்கெட்டரும் அந்தப் பள்ளியில் படித்தவர்தான். பெண் பிள்ளைகளுக்கும் முகாமைத் திறந்தார். சாலி பார்சோசியோ 1997-இல் 10,000 மீட்டர் உலகப் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 19.

டேவிட் ருடிஷா வேறு பள்ளியில் படித்த, 400 மீட்டர் ஓடிக்கொண்டிருந்த உயரமான பையன். ஓ'கானல் அவரை 800 மீட்டருக்குத் திருப்பினார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில், துப்பாக்கி வெடித்ததிலிருந்து கடைசிவரை முன்னாலேயே ஓடி, வேகத்தைப் பிடித்துக்கொடுக்க யாரும் இல்லாமல், 1 நிமிடம் 40.91 விநாடியில் உலக சாதனை படைத்தார் ருடிஷா. மொத்த உலகமும் பார்த்த அந்த இரண்டு ரவுண்டில், தோள் கடைசிவரை ஏறவே இல்லை. மண் பாதையில் பதின்ம வயதில் பழகிய நடை அது.

கென்யாவைப் பற்றிப் பேசும்போது வெற்றியோடு நிறுத்திக்கொள்வது நியாயமாகாது. ஓட்டம் அங்கே வறுமையிலிருந்து வெளியேறும் வாசல். வாசலில் நெரிசல் அதிகம். இளையோர் போட்டிகளில் மின்னிய நூற்றுக்கணக்கானவர்கள் 22 வயதுக்குள் காணாமல் போயிருக்கிறார்கள். சாலைப் பந்தயப் பரிசுப் பணத்துக்காகச் சீக்கிரமே மாரத்தானுக்குத் தள்ளப்பட்டவர்கள் உண்டு. ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருப்பவர்களும் ஏராளம். 2015-இல் 19 வயதில் உலக கிராஸ்கன்ட்ரி பட்டம் வென்ற ஆக்னஸ் திரோப், 2021 செப்டம்பரில் பெண்கள் மட்டும் ஓடும் 10 கிலோமீட்டர் பந்தயத்தில் 30 நிமிடம் 1 விநாடி என்று உலக சாதனை படைத்தார். அடுத்த மாதமே இட்டெனில் தன் வீட்டில் கொலை செய்யப்பட்டுக் கிடந்தார். வயது 25. கணவர் மீது கொலை வழக்குப் பதிவானது. ஓடிச் சம்பாதிக்கும் இளம்பெண்களைச் சூழ்ந்துகொள்ளும் ஆண்களைப் பற்றி அதன்பிறகுதான் அந்த ஊர் வெளிப்படையாகப் பேசியது. திரோப்பின் பெயரிலேயே அவருடைய தோழிகள் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். இளம் ஓட்டக்காரியைக் காப்பாற்றுவது என்றால் முழங்காலைக் காப்பாற்றுவது மட்டும் என்று இனி யாரும் நினைக்க முடியாது.

பெண் பிள்ளைகளின் விஷயத்தில் உலகம் செய்த தவறுகளுக்கு ஓர் அமெரிக்கப் பெண்ணின் பெயர் அடையாளமாகிவிட்டது. 2013-இல் மாஸ்கோ உலக சாம்பியன்ஷிப்பில் 1500 மீட்டர் இறுதிப் போட்டியில் ஓடியபோது மேரி கெய்னுக்கு வயது 17. அந்த ஆண்டே நைக்கியின் ஓரிகன் ப்ராஜெக்ட் பயிற்சிக் குழுவில் சேர்ந்தார். 2019 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட காணொளியில் நடந்ததைச் சொன்னார்: எடையைக் குறைக்கச் சொல்லி நெருக்கியது, மற்றவர்கள் முன்னால் எடை பார்த்து அவமானப்படுத்தியது, மூன்று ஆண்டுகள் மாதவிடாய் நின்றுபோனது, ஐந்து எலும்புகள் முறிந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்பே, தலைமைப் பயிற்சியாளர் ஊக்கமருந்து விதிமீறலுக்காகத் தடை செய்யப்பட்டதையடுத்து, அந்தக் குழு மூடப்பட்டிருந்தது.

எடை குறைந்தால் வேகம் கூடும் என்பது பாதி உண்மை. சில வாரங்களுக்குக் கூடும். உடம்பு தனக்குப் போதிய உணவு வரவில்லை என்று உணர்ந்ததும் முதலில் சினைப்பையின் வேலையை நிறுத்துகிறது. அதோடு ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. எலும்பு கட்டப்படுவது தடைபடுகிறது. வாழ்நாள் முழுவதற்குமான எலும்பின் பெரும்பகுதி சேர்வது பதின்ம வயதில்தான். அந்த நேரத்தில் பட்டினி போட்டால் 17 வயதுப் பெண்ணுக்கு மூதாட்டியின் எலும்பு வாய்க்கும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இந்த நிலைக்குத் தனிப் பெயரே கொடுத்து, ஆண்களையும் அதில் சேர்த்தது. பருவமடையும் ஆண்டுகளில் பெண் பிள்ளையின் இடுப்பு அகலும், எடை கூடும், ஓடும் நேரம் ஓரிரண்டு ஆண்டுகள் தேங்கும். அது நோயுமில்லை, சோம்பலுமில்லை. அந்த இரண்டு ஆண்டுகளைப் பொறுமையாகக் கடக்கவிட்ட பயிற்சியாளருக்கு 20 வயதில் பலமான ஓட்டக்காரி கிடைக்கிறாள்.

இந்தியாவில் இதோடு இரத்தசோகையும் சேர்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. நெடுந்தூர ஓட்டம் என்பதே இரத்தம் தசைக்குப் பிராணவாயுவைச் சுமந்து செல்வதுதான். சோர்ந்துபோய் மூன்றாவது ரவுண்டில் நின்றுவிடும் மாணவியைத் "தைரியம் போதாது" என்று திட்டுவதற்கு முன்னால், ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில நிமிட வேலை. முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை, பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரை. இவ்வளவுதான் தேவைப்படும் பிள்ளைகள் நிறையப் பேர்.

இரும்புச்சத்து கொடுப்பதையும் அத்துமீறிச் செய்ய முடியும் என்பதை ஜப்பான் காட்டியது. எகிடென் என்ற சாலைத் தொடரோட்டம் அங்கே மதம் போன்றது. ஒவ்வொரு டிசம்பரிலும் கியோத்தோவில் நடக்கும் உயர்நிலைப் பள்ளி எகிடெனில் ஆண்கள் அணி ஏழு பேராகச் சேர்ந்து முழு மாரத்தான் தூரத்தையும், பெண்கள் அணி ஐவராக அதில் பாதியையும் ஓடுகிறது. கோலுக்குப் பதில் தோளில் குறுக்கே அணியும் துணிப்பட்டையைக் கைமாற்றுகிறார்கள். தன்னால் அணி தோற்கக்கூடாது என்ற எண்ணமே பிள்ளைகளை ஓடவைக்கிறது; அதுவே கால் எலும்பு விரிசல் விட்டாலும் நிற்காமல் ஓடவும் வைக்கிறது. பள்ளி ஓட்டக்காரர்களுக்கு இரும்புச்சத்து ஊசி போடும் பழக்கம் பரவி, கல்லீரல் பாதிக்கும் அபாயம் பேசுபொருளானதும், தேசியத் தடகளச் சங்கம் அதைத் தடுக்க நேரிட்டது. அந்தத் தொடரோட்ட மரபு ஆயிரக்கணக்கான நல்ல ஓட்டக்காரர்களை உருவாக்குகிறது என்பதும் நிஜம். ஒரு பள்ளி அணியில் ஆறாவது ஆளுக்கும் ஏழாவது ஆளுக்கும் அங்கே மரியாதை இருக்கிறது. நம்மிடம் முதலாமவனுக்கு மட்டும்தான்.

நார்வே விதியே போட்டது. 1987-இல் அந்நாட்டு விளையாட்டுக் கூட்டமைப்பு பிள்ளைகளுக்கான விதிகளை வகுத்து, 2007-இல் திருத்தியது. பிள்ளைக்கு 11 வயதாகும் ஆண்டுவரை வெற்றிப் பட்டியலோ தரவரிசையோ வெளியிடக்கூடாது. 13 வயதாகும்வரை தேசிய சாம்பியன்ஷிப் கிடையாது. விளையாட்டை விரும்புகிறானா என்பதுதான் அதுவரை கேள்வி. 50 லட்சத்துச் சொச்சம் மக்களைக் கொண்ட அந்த நாட்டிலிருந்துதான் யாக்கோப் இங்கெப்ரிக்ட்சன் வந்தார். 16 வயதில் ஒரு மைலை 4 நிமிடத்துக்குள் ஓடினார். 17 வயதில், 2018 பெர்லினில், 1500, 5000 இரண்டிலும் ஐரோப்பியப் பட்டம். டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக் தங்கம். அண்ணன்கள் ஹென்ரிக், ஃபிலிப் இருவரும் அதே 1500 மீட்டரில் ஐரோப்பிய சாம்பியன்களாக இருந்தவர்கள். மூவருக்கும் அப்போது பயிற்சியாளராக இருந்தவர் அப்பா கியெர்ட். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து லாக்டேட் அளந்து, எல்லை மீறாத வேகத்திலேயே பெரும்பகுதிப் பயிற்சியை வைத்துக்கொள்ளும் முறை அவர்களால் உலகப் புகழ் பெற்றது.

அதே வீட்டிலிருந்துதான் 2023 அக்டோபரில் மூன்று மகன்களும் அப்பாவின் வன்முறையைப் பற்றிப் பொதுவெளியில் எழுதினார்கள். 2025-இல் நீதிமன்றம் பெரும்பாலான குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்தது. மகளைத் துண்டால் அடித்த ஒரு சம்பவத்தில் குற்றவாளி என்று 15 நாள் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை கொடுத்தது. வழக்கின் முடிவு என்னவாக இருந்தாலும், வீட்டுச் சாப்பாட்டு மேசையும் பயிற்சி மைதானமும் ஒன்றாகிவிட்டால் பிள்ளைக்கு ஒதுங்க இடமில்லாமல் போகும் என்பதை அந்தக் குடும்பம் உலகத்துக்குக் காட்டிவிட்டது. தமிழ்நாட்டில் மகளை விடியற்காலை மோட்டார் சைக்கிளில் மைதானத்துக்கு அழைத்து வந்து, கையில் ஸ்டாப்வாட்ச்சோடு நிற்கும் அப்பாக்களை இன்று எந்த மாவட்ட விளையாட்டரங்கிலும் பார்க்கலாம். அவர்களுடைய அக்கறையில் குறைசொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் நேரத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடிந்தால் போதும்.

தமிழ்நாட்டின் நெடுந்தூர ஓட்டம் என்றதும் புதுக்கோட்டை மாவட்டம் நினைவுக்கு வரும். கோ. லட்சுமணன் 2017 புவனேஸ்வர் ஆசியத் தடகளப் போட்டியில் 5000, 10,000 இரண்டிலும் தங்கம் வென்றார். பெண்களில் சூர்யா 2016 தெற்காசியப் போட்டியில் அதே இரண்டு ஓட்டங்களில் தங்கம் வென்றார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் லட்சுமணன் மூன்றாவதாக வந்தார். வெண்கலம் என்று அறிவிப்பும் வந்தது. ஓட்டத்தின்போது அவர் கால் உள்விளிம்புக் கோட்டைத் தாண்டிப் பட்டது என்று பிறகு கண்டுபிடித்துத் தகுதி நீக்கம் செய்தார்கள். 25 ரவுண்டில் ஒரு காலடி. சுண்ணாம்புக் கோடு முதல் வளைவிலேயே அழிந்துபோகும் மைதானங்களில் வளரும் நம் பிள்ளைகளுக்கு அந்தக் கோட்டைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய வயது 12. அதற்கு மைல்களும் வேண்டாம், மூச்சும் வாங்காது.

அதே மாவட்டத்தின் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டில் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். தனிமையிலும் வறுமையிலும் தள்ளப்பட்டு, சூளை வேலைக்கே திரும்பிய நாட்கள் உண்டு. பிறகு தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் பட்டயம் பெற்று, பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார். ஓட்டம் ஒருவரை என்னவெல்லாம் செய்யும் என்று அவரைவிட அறிந்த பயிற்சியாளர் நாட்டில் வேறு யார் இருக்க முடியும்?

நம் அமைப்பின் குறையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று ஏறும் ஏணியில் ஒவ்வொரு படியிலும் ஒரு சான்றிதழ். அந்தச் சான்றிதழ் கல்லூரி இடத்துக்கும் வேலைக்கும் வழி. ஏழைப் பிள்ளைக்கு அது பெரிய விஷயம்; அதைக் கேலி செய்ய யாருக்கும் உரிமையில்லை. ஆனால் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்த நாளோடு ஸ்பைக்ஸை ஆணியில் மாட்டிவிடுகிறவர்கள் மிக அதிகம். நெடுந்தூர ஓட்டக்காரரின் உச்சம் 25 வயதுக்கு மேல். நம்முடைய எல்லாப் பரிசுகளும் 19 வயதோடு முடிகின்றன. 1978-இல் ஜலந்தரில் சிவ்நாத் சிங் மாரத்தானை 2 மணி 12 நிமிடத்தில் ஓடிப் படைத்த தேசிய சாதனை 40 ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

அந்த ஏணியில் ஏறாமலே வந்தவர் அவினாஷ் சாப்ளே. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் மாண்ட்வா என்ற வறண்ட கிராமம். பெற்றோர் கூலி வேலைக்குப் போகிறவர்கள். பஸ் வசதி இல்லாததால் சுமார் ஆறு கிலோமீட்டர் தூரப் பள்ளிக்கு நடந்தும் ஓடியும் போனான் பையன். யாரும் அதைப் பயிற்சி என்று சொல்லவில்லை, நேரம் பார்க்கவில்லை, தோற்றாய் என்று திட்டவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ராணுவத்தில் சேர்ந்தார். சியாச்சின் பனியிலும் ராஜஸ்தான் வெயிலிலும் பணி. 2015-இல், 20 வயதுக்குப் பிறகுதான், சக வீரர்கள் வற்புறுத்தியதால் ராணுவ கிராஸ்கன்ட்ரியில் ஓடினார். பயிற்சியாளர் அம்ரிஷ் குமார் அவரை 3000 மீட்டர் ஸ்டீப்பிள்சேஸுக்கு மாற்றினார். 28 தடவை கட்டையும் 7 தடவை தண்ணீர்க் குழியும் தாண்ட வேண்டிய ஓட்டம் அது.

2022 ஆகஸ்ட் 6, பர்மிங்ஹாம் காமன்வெல்த் விளையாட்டு. 1998 முதல் அங்கே ஸ்டீப்பிள்சேஸின் தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றையும் ஒவ்வொரு முறையும் கென்யர்களே அள்ளிக்கொண்டிருந்தார்கள். முன்னால் மூன்று கென்யச் சீருடைகள், அவற்றின் பின்னால் மீசை வைத்த 27 வயது இந்தியச் சிப்பாய். மணி அடித்து, கடைசி ரவுண்டு. அதுவரை அடக்கி வைத்திருந்ததை அவிழ்த்தார். ஒருவரைத் தாண்டினார், இன்னொருவரைத் தாண்டினார். கடைசிக் கட்டைக்குப் பிறகான நேர்ப்பாதையில் ஆபிரகாம் கிபிவோட்டின் தோளை ஒட்டி வந்துவிட்டார். கிபிவோட் 8 நிமிடம் 11.15 விநாடி. சாப்ளே 8 நிமிடம் 11.20.